ஈரமான செட் வெளியே போகாது

“ஒண்ணுலேருந்து அஞ்சுக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்கக்கா. இங்க வேலை பாக்கறது உங்களுக்கு எவ்வளவு திருப்தியா இருக்கு?”

“அஞ்சு நல்லதா, ஒண்ணு நல்லதா?”

“அஞ்சுதான் நல்லது.”

“அஞ்சு போடலேன்னா யாரு வந்து கேப்பாங்க?”

“யாரும் கேக்க மாட்டாங்க. பேர் போட வேண்டாம். யார் சொன்னதுன்னே தெரியாது.”

அவர் என் கையிலிருந்த படிவத்தை எட்டிப் பார்த்தார். “மேல என்ன கட்டம் அது?”

“எந்தப் பிரிவு, என்ன வயசு, எத்தனை வருஷ சர்வீஸ். அவ்வளவுதான்.”

“இந்த ரூம்ல நாங்க மூணு பேரு. மத்த ரெண்டும் கல்யாணம் ஆகாத பொண்ணுங்க. அம்பது தாண்டினவ நான் ஒருத்திதான். அப்புறம் பேர் எதுக்கு? போட்டோவே ஒட்டிடு.”

துணி மடித்துக்கொண்டிருந்த அந்த இரண்டு பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

“ரெண்டுன்னு போடு. கீழ காரணம் எழுத இடம் இருக்கா?”

“இருக்குக்கா.”

“எழுதிக்கோ. ஈரம் காயாத செட்ட மேல அனுப்பச் சொல்றாங்க. நான் அனுப்ப மாட்டேன். தலைகீழா நின்னாலும் அனுப்ப மாட்டேன்.”

எழுதிக்கொண்டேன்.

இந்தப் பேச்சு நடந்தது எங்கள் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில். ஆறு மருத்துவமனைகளை நடத்தும் ஒரு கம்பெனியில், பணியாளர் பிரிவில் நான் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. இரண்டு மொழிகளிலும் படித்தவள் என்பதால், ஊழியர்கள் தமிழில் சொல்வதை ஆங்கிலமாக்கித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பும் வேலையை எனக்குக் கொடுத்திருந்தார்கள்.

அந்த அறையில்தான் அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கழுவித் தட்டில் அடுக்கி, இரட்டைத் துணியில் பொட்டலமாகக் கட்டுவார்கள். பொட்டலத்துக்கு ‘செட்’ என்று பெயர். ஆள் உயர நீராவி இயந்திரத்துக்குள் அது வெந்து, காய்ந்து, மேல்மாடிக்குப் போகும். இயந்திரத்தை எல்லோரும் குக்கர் என்பார்கள். ஆகவே பதின்மூன்று வருடமாக அதை ஓட்டிய இவர் குக்கர் அக்கா. டாக்டர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

ஒவ்வொரு செட்டின் மேலும் கோடு போட்ட ஒரு நாடா ஒட்டியிருக்கும். சூடு பட்டால் கோடு கறுத்துவிடும். கறுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று மேலே இருப்பவர்கள் நினைத்துக்கொண்டார்கள். சூடு பட்டது என்பதைத்தான் நாடா சொல்லும். உள்ளே காய்ந்ததா என்று அதற்குத் தெரியாது. துணி ஈரமாக இருந்தால், திரி எண்ணெய் குடிக்கிற மாதிரி வெளியிலுள்ள அழுக்கையும் கிருமியையும் உள்ளே இழுத்துவிடும்.

புதிதாக வந்த மேலாளரை ‘மணிக்கூண்டு’ என்பார்கள். எதைக் கேட்டாலும் நிமிடக் கணக்கில் பதில் சொல்வார். அவர் வந்த இரண்டாம் வாரமே, காய வைக்கும் நேரம் முப்பது நிமிடத்திலிருந்து பதினைந்தாகக் குறைந்தது. ஒரு நாளைக்கு இரண்டு சுற்று அதிகம் ஓட்டலாம் என்பது அவர் கணக்கு. சின்ன செட்கள் எப்படியோ காய்ந்தன. எலும்பு அறுவை சிகிச்சைக்கான கனத்த செட்கள் காயவில்லை. அக்கா அவற்றைத் தனி அலமாரியில் நிறுத்தி, மறுபடி குக்கரில் ஏற்றினார். மேலே அறுவை சிகிச்சைகள் தள்ளிப் போயின.

அக்கா சொன்னதை நான் எப்படி ஆங்கிலமாக்கினேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ‘உலர்த்தும் நேரம் குறித்துப் பணியாளர்கள் சில மேம்பாடுகளை எதிர்நோக்குகிறார்கள்’ என்ற பொருளில் ஒரு வரி எழுதினேன். தலைமை அலுவலகத்துக்கு அது பிடித்துப்போயிற்று. ‘உங்கள் குரல் எங்கள் பலம்’ என்று ஒரு சுவரொட்டி அச்சடித்து வந்தது. அதை அந்த அறை வாசலிலேயே ஒட்டினார்கள். அக்கா அதன் மேல் தன் ஏப்ரனை மாட்டி வைத்தார்.

மேலாளர் வந்த ஆறாவது வாரம் அக்காவுக்கு மெமோ வந்தது. ஒரே வாரத்தில் பதினோரு செட்களை அனுமதியின்றி நிறுத்தியது ஏன்? மூன்று நாளில் தக்க விளக்கம் இல்லாவிட்டால் வேலை நீக்கம். அவர் வீட்டில் அந்த ஒரு சம்பளம்தான். கணவர் லாரி ஓட்டி முதுகு போய் வீட்டில் இருந்தார். மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம்.

மெமோவை நாலாக மடித்து எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். “பதில் எழுதணும் பாப்பா. அவங்க பாஷையிலயே எழுது.”

எழுதினேன். தமிழில் படித்துக் காட்டச் சொன்னார். “ஏற்பட்ட தாமதத்துக்கு வருந்துகிறேன்…” என்று தொடங்கினேன்.

“நிறுத்து. யாரு வருந்துனது?”

“அது எழுதற முறைக்கா.”

“நான் வருந்தலியே. நீ வேணா உனக்குன்னு ஒரு லெட்டர் எழுதி வருந்திக்கோ.” சட்டென்று என்னை உற்றுப் பார்த்தார். “அன்னிக்கு நான் சொன்னதையும் இப்படித்தான் குழைய வேக வெச்சு அனுப்புனியா?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கத்தவில்லை. தாளை எடுத்து என் குப்பைக்கூடையில் போட்டார். “நான் சொல்லச் சொல்ல எழுது.”

நாலே வரி. ‘ஈரமான செட்களை நிறுத்தினேன். இனியும் நிறுத்துவேன். ஏன் என்று நேரில் காட்டுகிறேன். கூப்பிடுங்கள்.’

கூப்பிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை, ஐந்தாம் மாடிக் கூட்ட அறை. மணிக்கூண்டு, தலைமை அறுவை மருத்துவர் அம்மா, தமிழ் தெரியாத தலைமை அலுவலக இயக்குநர். அவருக்கு மொழிபெயர்க்க நான்.

அக்கா இரண்டு செட்களைத் தள்ளுவண்டியில் கொண்டு வந்திருந்தார். கண்ணாடி மேசை மேல் முதலில் ஒரு துண்டை விரித்தார்.

“துண்டு எதுக்கு?” என்றார் மணிக்கூண்டு.

“ரெண்டும் நல்லா ஆறிடுச்சு தம்பி. இருந்தாலும் கண்ணாடி குளிர்ச்சி. ஈரம் அங்கிருந்து வந்ததுன்னு அப்புறம் நீங்க சொல்லக் கூடாது பாருங்க.”

பிறகு மருத்துவரிடம் திரும்பினார். “டாக்டரம்மா, ரெண்டும் எலும்பு செட். இன்னிக்குக் காலையில ஒரே குக்கர்ல அடுத்தடுத்து வெந்தது. ஒண்ணு முப்பது நிமிஷம் காஞ்சது, இன்னொண்ணு பதினஞ்சு. உங்க ஆபரேஷனுக்கு எத எடுப்பீங்க?”

மருத்துவர் இரண்டையும் பார்த்தார். இரண்டிலும் நாடா கன்னங்கரேலென்று இருந்தது. “தெரியலையே,” என்றார்.

“தம்பி, நீங்க சொல்லுங்க.”

“நாடா கறுத்திருக்கில்ல? எத எடுத்தா என்ன?”

அக்கா இரண்டையும் பிரித்தார். ஒன்றில் துணி மொரமொரவென்று விரிந்தது. மற்றதில் உள்துணி தட்டோடு ஒட்டிக்கொண்டு வந்தது. தட்டைச் சற்றே சாய்த்தார். மூலையில் தேங்கியிருந்த தண்ணீர் துண்டின் மேல் சொட்டியது.

“பெத்த பிள்ளைக்கு ஈரத்துணி கட்ட மாட்டோம். அடுத்தவன் கால கிழிச்சு உள்ள வைக்க மட்டும் ஈரம் பரவாயில்லையா? நிமிஷம் எண்ணத் தெரிஞ்சா போதுமா தம்பி, தொட்டுப் பாக்கத் தெரிய வேணாமா?”

அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். இயக்குநர் எழுதுவதை நிறுத்தினார்.

மருத்துவர் ஈரத்துணியை விரலால் தொட்டுப் பார்த்தார். குரல் மாறியிருந்தது. “இந்த மாதிரி இதுவரைக்கும் எத்தனை என் டேபிளுக்கு வந்திருக்கு?”

“ஒண்ணுகூட வரல டாக்டரம்மா. வராததுக்குத்தான் எனக்கு இந்த மெமோ.”

அதையும் அப்படியே சொன்னேன். பிறகு மருத்துவர் எழுந்து மேசையைச் சுற்றி வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். “பதிமூணு வருஷமா என் பேரைக் காப்பாத்தினது நீங்கதான்,” என்றார். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் ஏதோ முணுமுணுத்தார். என்ன சொல்கிறார் என்று இயக்குநர் என்னைக் கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன்.

அன்று மாலையே மெமோ ரத்தானது. முப்பது நிமிடம் திரும்பி வந்தது. அடுத்த வாரம் ஆறு மருத்துவமனைகளுக்கும் இரண்டு மொழிகளிலும் ஓர் உத்தரவு போனது: செட் வெளியே போகலாமா கூடாதா என்பதைக் குக்கர் அறையில் இருப்பவரே முடிவு செய்வார், அதை மாற்ற யாருக்கும் அதிகாரம் கிடையாது. இரண்டு மொழியிலும் எழுதியது நான்தான். எங்கும் யாரும் வருந்தவில்லை.

இப்போது அக்கா ஆறு இடங்களுக்கும் போய்ப் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார். கம்பெனி கார் வாசலுக்கு வருகிறது. மணிக்கூண்டு செட்டைத் தொட்டுப் பார்க்கப் பழகிவிட்டார். அக்கா அவரை இன்னும் தம்பி என்றுதான் கூப்பிடுகிறார். ஒருமுறை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். “இங்க கைக்குட்டைகூட ஈரமா மடிக்க முடியாதும்மா,” என்றார் கணவர். “நான் குளிச்சிட்டு வந்தா என்னையும் கொடியில போட்டுடுவாளோன்னு பயமா இருக்கு.” அக்கா, “முதுகு சரியாகட்டும், போடறேன்,” என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை, லிஃப்டில் மேலே போகும்போது தள்ளுவண்டியும் நாங்கள் இருவரும் மட்டும் இருந்தோம். மூன்றாம் மாடி தாண்டியதும் அவர் என் முழங்கையைப் பிடித்தார்.

“பாப்பா, ஒண்ணே ஒண்ணு. நான் திட்டுனா, திட்டுனத அப்படியே சொல்லு. அழுதேன்னா மட்டும், அத மொழிபெயர்க்காத.”