வாயில் தண்ணீரோடு ஒரு மச்சினி

என் மச்சினி மருந்து பாட்டிலில் ஒட்டிய சீட்டைக்கூடப் பேனாவால் திருத்தி வைப்பாள். "இதெல்லாம் மனுஷன் படிக்கவா எழுதினாங்க?" என்று திட்டு வேறு. அவளுக்கென்றே அமைந்த வேலை: புரோகிராம் எழுதுவதற்குப் புது மொழி செய்யும் ஒரு கம்பெனியில், அதைக் கற்க வருகிறவர்களுக்கு விளக்கம் எழுதுவது.

இன்ஜினியர்கள் எழுதிய முதல் பக்கம் 'உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருப்பதைப் போல' என்று ஆரம்பித்ததாம். தெரிந்தவன் அங்கே ஏன் வருகிறான்? இவள் எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். தலைமை இன்ஜினியர் குழந்தைத்தனம் என்றார். கடைசியில் பந்தயம். ஒன்றும் தெரியாத ஓர் ஆள், யார் உதவியும் இல்லாமல் அந்தப் பக்கத்தை முடிக்க வேண்டும். இல்லையென்றால் பழையதே நிற்கும்.

"ஒண்ணும் தெரியாத ஆளுன்னா எனக்கு உங்களை விட்டா யாரு மாமா?"

"இது பாராட்டா, திட்டா?"

"ரெண்டும்தான்."

வெல்டிங் பட்டறையைப் பூட்டிவிட்டுப் போனேன். என்னைச் சுற்றி ஒரே கூட்டம். மச்சினி வாய் நிறையத் தண்ணீரை அடக்கிக்கொண்டு என் பின்னால் நின்றாள். இல்லாவிட்டால் நடுவில் புகுந்து சொல்லிக்கொடுத்துவிடுவாளாம்.

படித்தேன். புரிந்தது! எனக்கே சந்தேகமாகப் போய்விட்டது. பெயரைப் போட்டு ஒரு வரி அடிக்கச் சொன்னது. பெயர் இருக்கும் இடத்தில் 'வெல்டர்' என்றே போட்டு, எழுத்தெழுத்தாகத் தேடி அடித்தேன். 'இப்போது கம்ப்யூட்டர் வணக்கம் சொல்லியிருக்கும்' என்றது அடுத்த வரி. சொல்லவில்லை. திரையில் ஒரு கோடு கண் சிமிட்டியது. நான் முறைத்தேன்.

"என்னடா இது, திமிர் பிடிச்ச மிஷினா இருக்கு?"

மச்சினிக்குக் கன்னம் உப்பிக் கண் பிதுங்கியது. ஆனால் முதலில் உடைந்தவர் தலைமை இன்ஜினியர்தான்.

"யோவ், எண்டரைத் தட்டுய்யா!"

அடுத்த நொடி மச்சினி வாயிலிருந்த தண்ணீர் மொத்தமும் என் முதுகில்.

"சார், எண்டர் தட்டணும்னு நீங்க எழுதினதுல இருக்கா?" என்றாள், சிரிப்பு அடங்காமல்.

அவர் தேடினார். "இல்ல. நீ எழுதினதுலயும் இல்லையே!"

"இல்லவே இல்ல சார்! எனக்குத் தோணவே இல்ல!" புதையல் கிடைத்தவள் மாதிரி குதித்து, அங்கேயே அந்த வரியைச் சேர்த்தாள்.

"சரி, மிச்சத்தை முடிக்கட்டும். இனி நான் வாயைத் திறக்கல," என்றார் அவர்.

தட்டினேன். 'வணக்கம், வெல்டர்!' நான் போட்ட கூச்சலில் அடுத்த அறைக்காரர்கள் ஓடி வந்தார்கள். ஒருவரும் வாய் திறக்காமலே கடைசி வரிவரை போய்விட்டேன்.

"அடுத்த பக்கம் எங்கே?"

"இன்னும் எழுதலை மாமா."

"பட்டறையைப் பூட்டிட்டு வந்திருக்கேன், எழுதலையாம்!"

தலைமை இன்ஜினியர் தலையைச் சொறிந்தார். "இதை நாளைக்கே போட்டுடலாம்மா. அடுத்ததை எப்ப முடிப்பே?"

"சீக்கிரம் எழுதச் சொல்லுங்க சார்," என்றேன், "சூடு ஆறிடப்போவுது."