பவுடர் போட்ட என்ஜின்

என் காரை எங்கள் வீட்டில் 'வண்டி' என்று சொல்கிற ஒரே ஆள் நான். என் மனைவி 'அது' என்பாள். அதில் போகலாமா என்று நான் கேட்டால், பஸ் எத்தனை மணிக்கு என்று பதில் வரும்.

அவளையும் குற்றம் சொல்ல முடியாது. சில வருடங்களுக்கு முன் ஒரு கல்யாணத்துக்கு என் மாமியாரை அதில் ஏற்றிக்கொண்டு போனேன். பாவூர்சத்திரம் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. மார்க்கெட்டிலிருந்து வந்த டெம்போ ஒன்றில், கத்திரிக்காய் மூட்டைகளுக்கு நடுவே பட்டுப்புடவையோடு உட்கார்ந்து அவர் முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து மாமியார் வீட்டில் என் தட்டில் மட்டும் கத்திரிக்காய் கொஞ்சம் தூக்கலாக விழும். தற்செயலாகத்தான் இருக்கும்.

அப்படிப்பட்ட நான், கத்தாரில் வேலை பார்க்கும் மச்சினன் லீவு முடிந்து கிளம்புகிற வாரத்தில், மாமியார் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வாயைத் திறந்தேன். வெள்ளிக்கிழமை திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு டாக்சி எதற்கு, நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். மாமியார் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். மச்சினன் நல்ல பையன். "அத்தான் கூட்டிட்டுப் போனா போயிருதேன்" என்றான். என் மனைவி மட்டும் ஒரு நிபந்தனை வைத்தாள். வெள்ளிக்கிழமைக்குள் வண்டியில் ஏதாவது ஒரு கோளாறு தெரிந்தால் டாக்சிதான். கத்திரிக்காயிலிருந்து தப்பிக்க எனக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பு அது.

ஞாயிற்றுக்கிழமை மச்சினனை ஐந்தருவிக்குக் கூட்டிப்போனேன். நல்ல சாரல், நல்ல கூட்டம். குளித்து முடித்துத் துண்டோடு வண்டிக்கு வந்தால், முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் எண்ணெய். உள்ளங்கை அகலத்துக்கு, ஈரத்தில் வானவில் காட்டிக்கொண்டு கிடந்தது. குனிந்து விரலால் தொட்டேன். வழுவழுப்பு. மோந்து பார்த்தேன். அரை மணி நேரம் அருவியில் நின்ற மூக்குக்கு வாசம் ஒன்றும் தெரியவில்லை. பக்கத்து வண்டிக்கு அடியிலும் பார்த்தேன், அங்கேயும் எண்ணெய். அந்த வண்டியின் சொந்தக்காரரான மதுரைக்காரரைக் கூப்பிட்டு, "உங்க என்ஜினும் ஒழுகுது, ஊருக்குப் போனதும் பாத்துருங்க" என்று அக்கறையோடு சொன்னேன். அவர் என்னையும் என் துண்டையும் பார்த்துவிட்டு, தன் குழந்தைகளைச் சீக்கிரம் உள்ளே ஏறச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, டிக்கியில் வைத்திருந்த கேனிலிருந்து ஒரு லிட்டர் என்ஜின் ஆயிலை ஊற்றினேன். அளவு பார்க்கும் குச்சி ஒன்று என்ஜினில் இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் எண்ணெய் குறைந்ததை என் கண்ணாலேயே பார்த்தாயிற்று. அப்புறம் குச்சியிடம் வேறு எதற்குக் கேட்க வேண்டும்?

திங்கட்கிழமை தென்காசிக்கு, என் ஜெராக்ஸ் கடைக்குப் போய்த் திரும்பியதும் வண்டிக்கடியில் செய்தித்தாளை விரித்தேன். அரை மணி நேரத்தில் ஐந்தாறு சொட்டுகள் விழுந்திருந்தன. பயமாக இருந்தது. கூடவே, சொன்னால் வெட்கக்கேடு, ஒரு பெருமையும் இருந்தது. பார்த்தீர்களா, நான் கண்டுபிடித்தது சரிதானே! மறுபடியும் அரை லிட்டர் ஊற்றினேன். செவ்வாய்க்கிழமை சொட்டு பத்தானது. இன்னொரு அரை லிட்டர். அன்று கடையிலிருந்து திரும்பும்போது எனக்குப் பின்னால் வந்த பைக்காரர் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு முந்திப் போனார். வண்டி நீலமாகப் புகைவிட்டதை நான் கவனிக்கவில்லை. அவருக்கு ஏதோ அவசரம் என்று வழிவிட்டேன்.

அன்று சாயங்காலம் வண்டிக்கு அடியில் பாயை விரித்து, மல்லாந்து படுத்து, போன் வெளிச்சத்தில் துப்பறிந்தேன். கைக்கு எட்டிய நட்டையெல்லாம் முறுக்கினேன். எல்லாமே நனைந்திருந்தன. எதைப் பார்த்தாலும் அதுதான் குற்றவாளி என்று தோன்றியது. கடைசியில் ஒரு போல்ட்டின் நுனியில் ஒரு சொட்டு திரண்டு தொங்குவதைக் கண்டு, "இங்கனதான்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொட்டு நேராக வாய்க்குள் விழுந்தது. வாசலில் நின்ற என் மனைவி, என் கால்களைப் பார்த்தபடி நிதானமாகக் கேட்டாள்.

"உப்பு ஒறப்பெல்லாம் சரியா இருக்கா? இல்ல, டாக்சிக்குச் சொல்லிரட்டுமா?"

ஒரே ஒரு நாள் கேட்டு வாங்கினேன்.

புதன்கிழமை காலையில் பாவூர்சத்திரத்துக்கு, மார்க்கெட்டுக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணாச்சியிடம் போனேன். கத்தாருக்குக் கொண்டுபோக நேந்திரங்காய் சிப்ஸ் வாங்க வேண்டும் என்று மச்சினனும் கூட வந்தான். அவனை வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும் என்பது பிறகுதான் புரிந்தது.

அண்ணாச்சி வண்டிக்கு அடியில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பானெட்டைத் திறந்து, மண்ணெண்ணெய் விட்டு என்ஜினைக் கழுவி, துணியால் ஒற்றியெடுத்துக் காயவிட்டார். அப்புறம் என்னைப் பெட்டிக்கடைக்கு அனுப்பி முகத்துக்குப் போடுகிற பவுடர் வாங்கிவரச் சொன்னார். வாசனை எதுவாயிருந்தாலும் பரவாயில்லையாம். நான் சந்தனப் பவுடர் வாங்கிவந்தேன். அவர் அதை என்ஜின் முழுக்கத் தூவினார். பதினேழு வருடமாகக் கறுத்துக் கிடந்த என்ஜின் வெள்ளை வெளேரென்று மணத்துக்கொண்டு நின்றது. மூட்டை இறக்க வந்த லோடுமேன் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "யாரும் பொண்ணு பாக்க வாராவளா, அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, அண்ணாச்சியே ஆக்சிலரேட்டரை ஏற்றியும் இறக்கியும் பார்த்தார். நாங்கள் மூவரும் என்ஜினையே பார்த்துக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரத்தில் பவுடர் ஓரிடத்தில் நனைந்து பழுப்பாக மாறியது. நான் படுத்துத் தேடிய இடங்களில் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, என்ஜினின் தலையிலிருந்து ஏர் ஃபில்டருக்குப் போகும் தடித்த குழாயின் வாயில். அங்கிருந்து ஒரு கோடு மெல்ல இறங்கி, வழியில் இருந்த நட்டு போல்ட்டையெல்லாம் நனைத்துக்கொண்டு கீழே போனது.

"எண்ணெ மேல இருந்துதான் எறங்கும் சார். நீங்க கீழ கெடந்து பாத்தா எல்லாந்தான் ஒழுகுத மாதிரி தெரியும்" என்றார். அந்தக் குழாய் என்ஜினுக்கு மூச்சுவிடும் வழி, அதில் எண்ணெய் வர வேண்டிய வேலையே இல்லையாம். வண்டியை அணைத்துவிட்டுச் சற்றுப் பொறுத்து, அந்தக் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி செருகி எடுத்தார். அதில் இரண்டு கோடுகள் உண்டு. எண்ணெய் மேல்கோட்டைத் தாண்டி, பாதிக் குச்சி வரைக்கும் ஏறியிருந்தது.

"எவ்வளவு ஊத்துனிய?"

சொன்னேன்.

"எதுக்கு ஊத்துனிய?"

ஐந்தருவியில் பார்த்த கறையைச் சொன்னேன். பக்கத்து வண்டியும் ஒழுகியது, பாவம் அந்த மதுரைக்காரர் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அண்ணாச்சி குச்சியைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"சார், அருவியில எண்ணெ தேய்ச்சிக் குளிக்க விடமாட்டாங்க. அதனால வாரவன் எல்லாம் எங்க நின்னு தேய்க்கான்?"

வண்டி நிறுத்துகிற இடத்தில். வண்டியின் மேல் ஒரு கையை ஊன்றி, ஒவ்வொரு காலாகத் தூக்கி. எனக்குத் தெரியாததா? பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை, அதே முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று, மச்சினனின் முதுகில் நல்லெண்ணெய் தேய்த்துவிட்டவனே நான்தான்.

மச்சினன் ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்துவிட்டான். சிரிப்புச் சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. அண்ணாச்சி அதிகப்படி ஆயிலை வடித்தார். கேனில் மீதியிருந்ததை வாங்கித் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார். "வண்டிக்கு ஒண்ணும் இல்ல, தாராளமா மலையேறும். வீட்டுல வேற யாருக்காவது ஆயில் ஊத்துத பழக்கம் இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றதும் நிம்மதியானார்.

இதை வெளியே சொல்லாதே என்று வழியெல்லாம் மச்சினனிடம் கெஞ்சிக்கொண்டே வந்தேன். அவனும் தலையாட்டினான். ஆனால் நான் சிப்ஸ் கடையில் நின்ற ஐந்து நிமிடத்திலேயே அவன் அக்காவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தான். வீட்டு வாசலில் மனைவி தீர்ப்போடு காத்திருந்தாள். கோளாறு வண்டியில் இல்லை என்று தெரிந்துவிட்டதால் டாக்சி வேண்டாம், வண்டியே போகலாம். ஆனால் போகும்போது தம்பி ஓட்டுவான்.

வெள்ளிக்கிழமை அப்படியே போனோம். பெட்டிகளுக்கும் சிப்ஸ் பைக்கும் நடுவே நான் பின்சீட்டில். புளியரை தாண்டி மலையேறும்போது வண்டி முனகவில்லை, புகையவில்லை. ஆரியங்காவில் நிறுத்தி ஒருதடவை பார்த்துவிடலாமா என்று இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் அவன் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினான். நேரத்துக்கு ஏர்போர்ட் போய்ச் சேர்ந்தோம். சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, கட்டிப்பிடித்துவிட்டு உள்ளே போனான். அடுத்த லீவிலும் நீங்கதான் கூட்டிட்டு வரணும் அத்தான் என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

திரும்பும்போது தனியாக வந்தேன். தென்மலை வரை தாக்குப்பிடித்தேன். அங்கே ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தி, கடைக்காரச் சேட்டன் வினோதமாகப் பார்ப்பதைப் பொருட்படுத்தாமல், துண்டை விரித்து அடியில் நுழைந்தேன். எங்கும் எண்ணெய் இல்லை. தரையும் காய்ந்துதான் கிடந்தது. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. மச்சினன்தான். விமானம் ஏற வரிசையில் நிற்கிறானாம், எதுவரை வந்துவிட்டேன் என்று கேட்டான்.

"ஓட்டிக்கிட்டேதான் இருக்கேன் மாப்ள" என்றேன். என் மூக்குக்கும் என்ஜினுக்கும் நாலு விரற்கடை இடைவெளிதான் இருந்தது.



"சரி அத்தான். மெதுவா வெளிய வாங்க, தலையில இடிச்சிராதிய."