பூவுக்கு விட்ட நீளம்

என் கணவர் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. தலை வாரக்கூடத் தோன்றாமல் முடி சிக்கு விழுந்து கிடந்தது. மும்பையில் நாங்கள் குடியிருக்கும் லேபர் கேம்ப் பகுதியில் நான் வழக்கமாகப் போகும் பார்லரில் எல்லோருக்கும் என்னைத் தெரியும். அதனால் பஸ் ஏறி, செம்பூரில் யாருக்கும் என்னைத் தெரியாத ஒரு கடைக்குப் போனேன்.

முடி வெட்ட வந்தவள் தாராவித் தமிழ்ப் பெண். "எப்படியோ வெட்டிவிடும்மா, குட்டையா இருந்தா போதும்" என்றேன். அவள் கத்தரியை எடுக்காமல் கண்ணாடியில் என் முகத்தையே பார்த்தாள்.

"எக்கா, பூ வைப்பீங்களா? வைப்பீங்கன்னா பின்னாடி கொஞ்சம் நீளமா விடுதேன். இல்லன்னா கிளிப்பு நிக்காது."

மாட்டுங்கா மார்க்கெட்டில் எனக்குத் தினமும் பூ கொடுத்த பூக்கார அம்மா, இப்போதெல்லாம் என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொள்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நானும் ஒருத்தியிடம் மட்டும் குங்குமத் தட்டை நீட்டாமல் கடந்து போயிருக்கிறேன்.

"வைப்பேன்" என்று பொய் சொன்னேன்.

என் முகத்துக்குப் பொருத்தமாகத்தான் வெட்டினாள். எனக்குச் சந்தோஷமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

இன்றுவரை நான் பூ வைத்துக்கொண்டதில்லை. ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அவளிடமே போகிறேன். அவள் கேட்பதற்கு முன்பே, பின்னால் அந்த நீளத்தை விடச் சொல்லிவிடுகிறேன்.