அந்த ஸ்பூன்ல இருந்தது துரு இல்ல, குங்குமம்

ஏற்றுமதி பெட்டிக்குப் பொட்டு வச்ச அன்னைக்கு பேக்கிங் ரூம்ல இருந்தவங்க நாலு பேரு. முதலாளி, ஸ்டெல்லா, அமுதா, நான். அஞ்சாவது ஆள் கிடையாது. லாரி டிரைவர் கேட்டுக்கு வெளியில டீ குடிச்சிக்கினு இருந்தாரு, அவரை இதுல சேக்கல.

திண்டிவனத்துல ஸ்பூன், கரண்டி, ஃபோர்க் செஞ்சு வெளிநாட்டுக்கு அனுப்புற சின்ன கம்பெனி. கல்யாணத்துக்கு முன்னாடி நான் அங்கதான் வேலை. பாலிஷ் போட்ட எவர்சில்வருக்கு ஒரு வாசனை உண்டு... சுட்ட இரும்பும் மெழுகும் கலந்தாப்பல. வீட்டுக்குப் போய் குளிச்சாலும் விரலை விட்டுப் போகாது. சோறு பிசையும்போது குப்புனு வரும்.

ஒவ்வொரு ஸ்பூனையும் துணியால தொடச்சு, ட்யூப் லைட்டுக்கு நேரா திருப்பிப் பாக்கணும். விரல் ரேகை தெரிஞ்சா மறுபடி தொடைக்கணும். அதுல ஸ்டெல்லாவை மிஞ்ச ஆள் இல்ல. ஃபோர்க்குல எப்படி சாப்பிடுவாங்கன்னு எங்க மூணு பேருக்குமே தெரியாது. முதுகு சொறியத்தான் வாங்குறாங்கன்னு அமுதா சத்தியம் பண்ணுவா.

அன்னைக்கு ஆயுத பூஜை. லோடும் அன்னைக்கே ஏத்தணும். ஸ்டெல்லா வேதக்காரப் பொண்ணு, சர்ச்சுக்குப் போறவ. பொரி, சுண்டல் வாங்கிப்பா, பொட்டு வச்சிக்க மாட்டா. அதுல எங்களுக்குள்ள ஒரு மனத்தாங்கலும் வந்தது இல்ல.

மிஷின், தராசு, கத்திரிக்கோல் எல்லாத்துக்கும் பொட்டு வச்சிக்கினே வந்த முதலாளி, மூடாம இருந்த கடைசி பெட்டியைப் பாத்தாரு. கடல் தாண்டிப் போற சரக்கு, வெறுமனே போகக்கூடாதுன்னு சொல்லி, மேல் வரிசை ஸ்பூன் பூரா சந்தனமும் ஈரக் குங்குமமும் அவர் கையாலயே வச்சாரு.

டேப்பைப் பிடிச்சிக்கினு நின்ன ஸ்டெல்லாதான் கேட்டா.

"தொடச்சிட்டு ஒட்டட்டுமாங்க முதலாளி?"

"சாமி பொட்டை யாராவது தொடைப்பாங்களா? அப்படியே ஒட்டும்மா."

ஒட்டினா. நானும் அமுதாவும் கன்னத்துல போட்டுக்கினோம்.

கப்பல் போய்ச் சேந்து கொஞ்ச நாள்ல ஃபேக்ஸ் வந்துச்சு. ஸ்பூன் பூரா துரு, மொத்த சரக்கும் வேணாம்னு. அவங்க திறந்து பாத்ததே அந்த ஒரு பெட்டியைத்தான்! எவர்சில்வர்ல எங்கிருந்துங்க செக்கச்செவேல்னு துரு வரும்?

அது நீங்க வச்ச குங்குமம்தானே, அப்படியே எழுதிடுங்கன்னு அமுதா சொன்னா. அதுக்கு அவர் சொன்னது இன்னும் என் காதுல இருக்கு.

"வெள்ளைக்காரன்கிட்ட போய் குங்குமம், பூஜைன்னா சிரிப்பான். வேலைக்காரி தப்புன்னா புரிஞ்சுக்குவான்."

அப்படியே எழுதினாரு. பேக்கிங்ல ஒரு பொண்ணு சரியா தொடைக்கல, அவளை நிறுத்திட்டோம்னு. எழுதினது பொய்யாகக் கூடாதுன்னு ஸ்டெல்லாவை நிஜமாவே நிறுத்தினாரு. நாங்க ரெண்டு பேரும் போய் நியாயம் கேட்டோம். உங்க வேலையும் வேணாமான்னு கேட்டாரு.

ஸ்டெல்லா டிபன் பாக்ஸை எடுத்துக்கினு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தா...

அமாவாசை தவறாம மேல்மலையனூர் ஆத்தா கோயிலுக்குப் போறவ நான். எனக்கு வயிறு எரியறது எதுக்குன்னா, ஆத்தா குங்குமத்தைக் குங்குமம்னு சொல்ல வெக்கப்பட்ட மனுசன், அதைத் தொடாத பொண்ணு மேல பழியைப் போட்டாரே. இதுக்குப் பேரு பக்தியா?

இப்ப விழுப்புரம் பஜார்லயே சீனா ஸ்பூன் குமிஞ்சு கிடக்கு. நம்ம பக்கத்துல இருந்து போற கன்டெய்னருக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வச்சு, வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போடறாங்க. அதைப் பாத்துட்டு வாங்குற வெளிநாட்டுக்காரரே போன்ல கும்பிடு பொம்மை அனுப்புறாராம். அன்னைக்கு ஒரே ஒரு வரி உண்மையா எழுதியிருந்தா போதும்.

இதெல்லாம் ஏன் இப்ப சொல்றேன்னா, முந்தாநாள் முதலாளி மகன் நம்ம ஊர் ஃபேஸ்புக் குரூப்புல பழைய போட்டோ ஒண்ணு போட்டிருக்காரு. பேக்கிங் பொண்ணு ஒருத்தி அலட்சியத்தால அப்பா எக்ஸ்போர்ட்டே படுத்துடுச்சுன்னு எழுதியிருக்காரு. போட்டோவுல ஸ்டெல்லா முகம் பளிச்சுனு தெரியுது. கீழ ஆளாளுக்கு அவளைத் திட்டிக்கினு இருக்காங்க. அவ மகளும் இந்த குரூப்புல இருக்கா. நேத்து எனக்கு போன் பண்ணி, "எங்கம்மாவையா அத்தை சொல்றாங்க?"ன்னு கேட்டா. போனை வச்சதும் இதை எழுத உக்காந்துட்டேன்.

தம்பி, உங்க அப்பா நல்லாத்தான் இருக்காரு. பொட்டு வச்சது யாரு, தொடைக்க வேணாம்னு சொன்னது யாருன்னு அவர்கிட்டயே கேளுங்க. அவர் சொல்றதை அந்த போட்டோவுக்குக் கீழயே எழுதுங்க. சீக்கிரம் பதில் போடுங்க.