தானே ஓடுகிற பில்டு

சத்யப்பிரியாவுக்குச் சொந்த ஊர் வன்னியம்பட்டி. கூடப் படித்தவர்களெல்லாம் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். அப்பா பால்சாமிக்கு பக்கவாதத்தில் ஒரு கை விழுந்துவிட்டதால் அவளால் போக முடியவில்லை. தினமும் மெயின் ரோட்டு விலக்கில் பஸ் ஏறி ராஜபாளையம் வந்து, பேண்டேஜ் துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்த ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்த்தாள்.

அங்கே அவர்கள் செய்தது பள்ளிக்கூடங்களுக்கான மொபைல் ஆப். வேன் எங்கே வருகிறது, பிள்ளைக்கு என்ன வீட்டுப்பாடம் என்று பெற்றோருக்குச் சொல்லும். ஒரே புரோகிராம்தான், ஆண்ட்ராய்டிலும் ஓடும், ஐபோனிலும் ஓடும். ஆனால் ஒவ்வொரு பள்ளிக்கும் அதனதன் பெயர், சின்னம், நிறம் வேண்டும். புரோகிராமில் ஒரு வரி மாறினாலும் எல்லாப் பள்ளிக்கும் தனித்தனியாகப் படம் மாற்றி, பில்டு போட்டு, அதாவது போனில் ஓடும் ஆப்பாக ஆக்கி, ஆப் ஸ்டோருக்கு அனுப்ப வேண்டும். அதைச் செய்தவர் லிங்கேஸ்வரன்.

சேத்தூரிலிருந்து பைக்கில் வருவார். சத்தம் போட்டுப் பேச மாட்டார். மூலையில் இருந்த பழைய மேக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால், பில்டு பாதியில் நின்றுவிடுமோ என்று சாப்பிடக்கூட எழுந்திருக்க மாட்டார். எல்லோரும் கிளம்பிய பிறகும் அவர் பைக் மட்டும் கீழே நிற்கும். வீட்டில் கைக்குழந்தை. காலையில் அது முழிக்குமுன் புறப்படுவார், திரும்பும்போது அது தூங்கியிருக்கும். மகள் குப்புற விழுந்ததை மனைவி மாரிச்செல்வி அனுப்பிய வீடியோவில்தான் பார்த்தார். அதைச் சத்யப்பிரியாவிடமும் காட்டினார்.

ஒருநாள் அசதியில் ஒரு பள்ளியின் ஆப்புக்குள் இன்னொரு பள்ளியின் சின்னத்தை வைத்து அனுப்பிவிட்டார். பெற்றோர் போன் மேல் போன் போட, முதலாளி ஜெயபாண்டி எல்லோர் முன்னாலும் அவரை நிற்க வைத்துக் கேட்டார். லிங்கேஸ்வரன் அப்படி நின்றதைச் சத்யப்பிரியாவால் பார்க்க முடியவில்லை.

இதை ஆள் உட்கார்ந்து செய்யவே வேண்டியதில்லை என்பது அவளுக்குத் தெரியும். புரோகிராமை ஏற்றினால் போதும், இன்டர்நெட் கிளவுடில் வாடகைக்குக் கிடைக்கும் ஒரு மெஷின் அதை எடுத்து, பள்ளி பள்ளியாகப் பெயரும் படமும் மாற்றி, பில்டு போட்டு, டெஸ்ட் பண்ணுகிறவர்களுக்கு அனுப்பிவிடும். ஆனால் அந்த மெஷினுக்கு மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். ஜெயபாண்டி யோசித்தார். அவரைச் சம்மதிக்க வைக்க, "சார், ஒரு ஆளோட வேலை மொத்தமும் மிச்சமாகும்" என்றாள். அவர் உடனே தலையாட்டினார்.

அதை அமைக்கத் தேவையான அத்தனையும் லிங்கேஸ்வரனின் தலைக்குள் இருந்தது. அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். எந்தப் பள்ளியின் பெயர் நீளமாக இருப்பதால் ஐகானுக்குக் கீழே வெட்டுப்படும், எந்த ஆப்பை ஸ்டோர் ஏற்கப் பழைய டிஜிட்டல் சாவிதான் செல்லும், எந்த ஹெட்மாஸ்டருக்கு எந்தப் பச்சை பிடிக்காது என்பது வரைக்கும். அவள் அதையெல்லாம் மெஷினுக்கான கட்டளைகளாக, ஸ்கிரிப்டாக எழுதினாள். ஓடவிட்டால் தப்பு என்று திரையில் சிவப்பாகி நிற்கும். இருவரும் காரணம் தேடுவார்கள். திருத்துவார்கள். மறுபடியும் சிவப்பு.

"இது ஓடிருச்சுன்னா நான் வெளிச்சம் இருக்கையில வீட்டுக்குப் போயிரலாமா பிரியா?" என்று ஒருமுறை கேட்டார்.

"தாராளமாப் போலாம்ணே."

கடைசியில் ஒரு மத்தியானம் வரிசையாக எல்லாப் பள்ளியும் பச்சையானது. லிங்கேஸ்வரன் கீழே போய் எல்லோருக்கும் டீயும் பஜ்ஜியும் வாங்கி வந்தார். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் நினைத்தபடியே நடந்தது. சாயங்காலம் அவர் கிளம்புவதை ஜன்னல் வழியாகப் பார்க்கச் சத்யப்பிரியாவுக்கு நிறைவாக இருக்கும். மாரிச்செல்வி ஒருநாள் போன் செய்து, பிள்ளை இப்போது பைக் சத்தம் கேட்டாலே வாசலுக்குத் தவழ்கிறாள் என்று சொல்லிச் சிரித்தாள்.

ஆனி மாதம் சில பள்ளிகள் வேறு கம்பெனியின் ஆப்புக்கு மாறிவிட்டன. ஜெயபாண்டி லிங்கேஸ்வரனைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, அந்த மாதத்தோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார். வெளியே வந்தவர், மேக்கில் தன் பெயரில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு, டிபன் பாக்ஸைக் கழுவிப் பையில் வைத்தார்.

சத்யப்பிரியா ஜெயபாண்டியிடம் ஓடினாள். வேறு வேலை கொடுக்கலாமே, டெஸ்டிங் கொடுக்கலாமே என்று கெஞ்சினாள். அவர் கோபப்படவில்லை. அவருக்கும் முகம் வாடித்தான் இருந்தது. "ஒரு ஆளோட வேலை மிச்சம்னு நீதானம்மா சொன்ன. அத நம்பித்தான நான் இறங்குனேன்" என்றார்.

மாடிப்படியில் லிங்கேஸ்வரனைப் பிடித்து, "அண்ணே, நான் இப்படி ஆகும்னு நினைக்கல" என்றாள். அவர் ஹெல்மெட்டைப் பார்த்துக்கொண்டே, "ஐபோன் ஆப்புக்கான சர்டிபிகேட் தை மாசம் முடிஞ்சிரும். புதுப்பிக்க மறந்துராத" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

வேலையை விட்டுவிட வேண்டும் என்று பல நாள் நினைத்தாள். அப்பாவின் மாத்திரை, அம்மாவின் முகம், எல்லாம் குறுக்கே வந்தன. புரோகிராமை ஏற்றும்போதெல்லாம் பில்டு தானே ஓடியது. யாரும் எழுந்து பார்ப்பதுகூட இல்லை. லிங்கேஸ்வரனுக்கு இரண்டு முறை போன் செய்தாள். அவர் எடுக்கவில்லை. பக்கத்தில் எங்கும் அவருக்கு வேலை அமையவில்லையென்றும், கோயம்புத்தூரில் ஒரு கம்பெனிக்குப் போய்விட்டாரென்றும் யாரோ சொன்னார்கள்.

மார்கழியில் ஒரு சாயங்காலம் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் மாரிச்செல்வியைப் பார்த்தாள். இடுப்பில் பிள்ளை. ஒதுங்கிப் போய்விடலாமா என்று தோன்றியது. கால் அந்தப் பக்கமே நடந்தது.

"மதினி, நல்லாருக்கீகளா? அண்ணன் எப்படி இருக்காக?"

"இருக்காக. மாசம் ஒருக்க வாராக" என்றாள் மாரிச்செல்வி. பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்தாள். "போன தடவ அவிய தூக்கப் போனாக. புது ஆளுன்னு நினைச்சு இவ வீறிட்டு அழுதுட்டா. அவிய செத்த நேரம் வெளிய போயி நின்னுட்டு வந்தாக."

சத்யப்பிரியா இன்னும் கிட்டே போனாள். "மதினி, அண்ணன் வேலையப் பாக்க அந்த மெஷின வச்சது நான்தான்."

"தெரியும். அன்னைக்கே சொன்னாக."

வேறு ஏதாவது சொல்வாள் என்று சத்யப்பிரியா காத்திருந்தாள். திட்டினாலும் பரவாயில்லை என்றிருந்தது. மாரிச்செல்வி பஸ் வருகிற பக்கம் பார்த்தாள். சேத்தூர் பஸ் வந்தது. ஏறுகிற கூட்டத்தில் அவள் தடுமாறவே, சத்யப்பிரியா பிள்ளையை வாங்கிக்கொண்டாள். அது அழாமல் அவள் முகத்தையே பார்த்தது. மாரிச்செல்வி மேலே ஏறி நின்று கையை நீட்டியதும் கொடுத்துவிட்டாள்.

பஸ் தென்காசி ரோட்டில் திரும்பும் வரை நின்றுவிட்டு, தன் ஊர் விலக்கு வழியாகப் போகும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிற்கும் பக்கமாக நடந்தாள்.