கவலைக் கிணற்றில் ஒரு குடம் தண்ணீர்

ஜெர்மன் சண்டை முடிந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். சித்திரை மாசக் கடைசி. ஆம்பூரிலிருந்து புறப்பட்டு ஏலகிரி அடிவாரத்து ஊர்களை வண்டியில் சுற்றிக்கொண்டிருந்தோம். என் வீட்டுக்காரர் ஒரு தோல் ஷாப்புக்கு, அதாவது தோல் பதனிடுகிற இடத்துக்கு, ஆவாரம் பட்டை வாங்கித் தரும் வேலையில் இருந்தார். அந்தப் பட்டை இல்லாவிட்டால் தோல் பதப்படாது. அதனால் ஊர் ஊராகப் போய், பட்டை உரித்து வைத்திருப்பவர்களிடம் எடை போட்டு வாங்கி, ஷாப்புக்கு அனுப்ப வேண்டும். முழுசாக ஒன்றரை மாசம் பிடிக்கும். அதுவரைக்கும் கூண்டு வண்டிதான் வீடு. படுக்கை, அரிசி மூட்டை, தராசு, எங்கள் ஒன்பது மாசப் பெண் குழந்தைக்குத் தூளி, எல்லாம் அதற்குள்தான். "நீ அம்மா வீட்டுல இரு" என்றுதான் இவர் சொன்னார். அங்கே இருந்தால் என் அண்ணியின் வாய்க்குப் பதில் சொல்லியே எனக்கு நாக்கு தேய்ந்துவிடும். அதற்கு வண்டியே மேல் என்று ஏறிவிட்டேன்.

வண்டியில் குடித்தனம் நடத்திப் பார்த்தவர்களுக்குத்தான் தண்ணீரின் அருமை தெரியும். ஒரு ஊருக்குள் நுழைந்ததும் நான் கிணறு எங்கே என்று கேட்க மாட்டேன். எந்தக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகும் என்றுதான் கேட்பேன். உப்புத் தண்ணீரில் அரை நாள் கொதித்தாலும் பருப்பு கல்லாகவே கிடக்கும். நல்ல தண்ணீரைக் கண்டுபிடித்துவிட்டால், அச்சுக்குக் கீழே உறியில் தொங்கும் பெரிய மண்பானையை ரொப்பிக்கொள்வேன். மேலே இரண்டு புரச இலையை மிதக்கவிட்டு, வாயைத் துணியால் கட்டிவிட்டால் வண்டி ஆட்டத்தில் அவ்வளவாகத் தளும்பாது. கையோடு ஒரு பித்தளைக் குடமும் இருக்கும்.

அந்தத் தடவை இவர் புதுசாக ஒரு தோல் பையும் கொண்டுவந்திருந்தார். தண்ணீர் சுமக்கவென்றே ஷாப்பில் தைத்தது. பழகிய பையாக இருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். இது பட்டைத் தொட்டியிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த தோல். அதை வாரக்கணக்கில் ஊறவைத்துக் கொட்டி, ஊறவைத்துக் கொட்டி, பட்டைச் சாறு போன பிறகுதான் குடிதண்ணீர் ஊற்ற வேண்டும். தோல் ஷாப்பிலேயே கிடக்கிற மனுஷருக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் அவசரம், பெருமை வேறு. "நம்ம ஷாப்புத் தோலு, சொட்டுக்கூட ஒழுகாது" என்றார். ஒழுகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

முந்தின நாள் சாயங்காலமே குழந்தைக்கு ஜுரம் கண்டது. கூடவே வயிற்றுப்போக்கு. காலையில் வறண்டு கிடந்த ஒரு காட்டாற்றைத் தாண்டும்போது வண்டிச்சக்கரம் பாறை மேல் ஏறி இறங்கியது. கீழே மடாரென்று சத்தம். பானை போயிற்று. மணல் ஒரு நொடியில் அத்தனை தண்ணீரையும் குடித்துவிட்டது. பித்தளைக் குடம் ராத்திரியே காலி.

பையை அவிழ்த்தோம். உள்ளே இருந்தது தண்ணீர் இல்லை, கஷாயம். கறுப்பாக, நாக்கை ஒட்டிக்கொள்கிற துவர்ப்பு. பஞ்சில் நனைத்துக் குழந்தை வாயில் வைத்தேன். ஒரு உறிஞ்சு உறிஞ்சிவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டது. என்னிடமும் பால் வற்றிக்கொண்டு வந்தது. வெயில் ஏற ஏறக் குழந்தை அழுதது. கண்ணில் தண்ணீர் வரவில்லை. வைத்தியர் இருக்கும் ஊருக்கு இன்னும் எட்டு மைல். "ஷாப்புத் தோல நீங்களே குடிங்க" என்று இவரைத் திட்டித் தீர்த்தேன். இவர் மாட்டை முடுக்கினார்.

உச்சி வேளைக்குக் கொஞ்சம் முன்னால், கவலை இறைக்கிற உருளைச் சத்தம் கேட்டது. கவலை பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: மாட்டுத் தோலில் தைத்த பெரிய பை அது. கயிறு கட்டிக் கிணற்றுக்குள் விடுவார்கள். இரண்டு மாடுகள் சரிவில் இறங்கி இழுக்க, பை ரொம்பி மேலே வரும். அதன் அடியில் தும்பிக்கை மாதிரி தொங்கும் தோல் வாயிலிருந்து தண்ணீர் குபீரென்று கல்தொட்டியில் கொட்டி, வாய்க்காலில் ஓடும். அந்தச் சத்தம் கேட்டதும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது போல் இருந்தது.

புங்கமரத்து நிழலில் நிலத்துக்காரர் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். மாடு ஓட்டியது ஒரு கூலியாள், நாற்பது வயசு இருக்கும். என் வீட்டுக்காரர் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். நிலத்துக்காரர் எங்கள் வண்டியைப் பார்த்தார், தராசைப் பார்த்தார், மூக்கை உறிஞ்சினார்.

"தோல் ஷாப்பு ஆளுங்களா?"

"ஆமாங்க. கொழந்தைக்கு ஜுரம். ஒரு கொடம் தண்ணி குடுத்தீங்கன்னா..."

"தொட்டிகிட்ட வராதீங்க. தீட்டு. அதோ, வாய்க்கால்ல எருமை நிக்குது பாரு, அதுக்கு அந்தாண்ட போயி மொண்டுக்கோ."

பார்த்தேன். இரண்டு எருமைகள் வயிறு நனைய நின்று சாணியைக் கரைத்துக்கொண்டிருந்தன. அதைத் தாண்டி வருகிற தண்ணீரை என் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டுமாம். அதைவிடக் கொடுமை, இவர் சரி என்று தலையாட்டியதுதான். "வாம்மே, துணி போட்டு வடிகட்டிக்கலாம்" என்கிறார்!

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. கிணற்றிலிருந்து அந்தத் தண்ணீரை அள்ளிக்கொண்டு வருவது தோல். கொட்டுகிற வாய் தோல். கட்டிலுக்குக் கீழே அந்த மனுஷர் கழற்றிப்போட்டிருந்த செருப்பும் தோல். அந்தத் தோலுக்கெல்லாம் பட்டை கொண்டுபோய்க் கொடுக்கிறவன் பெண்டாட்டி குடத்தை நீட்டினால் மட்டும் தண்ணீர் கெட்டுப்போய்விடுமா? இதை மனசுக்குள் சொல்லிக்கொண்டேன் என்று நினைக்காதீர்கள். கத்தினேன். பக்கத்துக் கொல்லையில் களை எடுத்தவர்கள் நிமிர்ந்து பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். குழந்தையை இவர் கையில் திணித்துவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு நேரே போய்த் தோல் வாய் வந்து கொட்டுகிற இடத்தில் வைத்துவிட்டேன்.

"தோலு வழியா வர்ற தண்ணிய தோல்காரி புடிச்சா இன்னா?"

நிலத்துக்காரர் கட்டிலை விட்டு எழுந்துவிட்டார். "டேய், நிறுத்துடா! ஓட்டாத!"

மாடுகள் மேட்டில் நின்றன. உருளைச் சத்தம் நின்றுபோனது. பை கிணற்றுக்குள்ளேயே நின்றுவிட்டது. என் குடம் காலி. ஆத்திரத்தில் கிடைக்கிறதையும் கெடுத்துக்கொண்டேனே! எருமைத் தண்ணீராவது கிடைத்திருக்குமே!

அப்போது மாடு ஓட்டுகிறவர் சொன்னார்: "பை ரொம்பிப் போச்சுங்க. தண்ணியோட தொங்க வுட்டா தையல் பிரிஞ்சிடும். இத மட்டும் ஏத்திடறேன்."

முதலாளி பதில் சொல்வதற்குக் காத்திருக்கவில்லை. கயிற்றின் மேல் ஏறி உட்கார்ந்து மாட்டைத் தட்டினார். மாடுகள் இறங்கின. பை மேலே வந்தது. தண்ணீர் குடத்தில் இறங்கி, ரொம்பி, என் புடவை நனைய வழிந்து ஓடியது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அண்ணே, நீங்களும் ஒரு வாய் குடிங்க" என்றேன். உதடு வெடித்து, உப்புப் பூத்து நின்ற ஆள்.

"இந்தத் தொட்டித் தண்ணி எனக்கு ஆவாதும்மா. நான் எருமைக்கு அந்தாண்ட குடிக்கிறவன். நீ போ, கொழந்தைக்கு ஊத்து" என்றார்.

விடிந்ததிலிருந்து இருட்டும் வரை அத்தனை தண்ணீரையும் மேலே ஏற்றுகிறவர் அவர். அவர் குடிக்கிறது எருமை நிற்கிற இடத்துக்குக் கீழே. அதை அவர் கோபமே இல்லாமல் சொன்னார். அதைக் கேட்டு எனக்குத்தான் காது கூசியது.

நிலத்துக்காரர் வந்தார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. மாடு ஓட்டுகிறவரிடம்தான் திரும்பினார். "சாட்டைய வெச்சிட்டுப் போடா. நாளையிலேர்ந்து இந்தக் கொல்லைப் பக்கம் ஒன்னப் பாக்கக் கூடாது."

அந்த மனுஷர் சாட்டையைத் தரையில் வைத்தார். மாடுகளை அவிழ்த்து நிழலில் கட்டினார், அப்போதும் அதை மறக்கவில்லை. தலைத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வரப்பு மேல் நடந்து போனார்.

நான் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினேன்.

கொஞ்ச தூரம் போய் ஒரு புளியமரத்தடியில் கல் கூட்டி அடுப்பு மூட்டி, தண்ணீரைக் கொதிக்கவைத்து, கஞ்சியில் உப்புப் போட்டு, ஆற்றி ஆற்றிப் பாலாடையில் புகட்டினேன். சாயங்காலம் குழந்தை ஒன்றுக்குப் போனாள். அந்த ஈரத்துணியைப் பிடித்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். மறுநாள் வைத்தியர் பார்த்தபோது, இன்னும் அரை நாள் தண்ணீர் இல்லாமல் இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்றார். இப்போது அவளுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது.

அடுத்த வருஷமும் அந்த வழியாகப் போனோம். கவலை ஓட்ட வேறு ஆள் இருந்தார். பழைய ஆள் எங்கே என்று கேட்டேன். பெண்டாட்டி பிள்ளைகளோடு எங்கேயோ பிழைக்கப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

இந்தக் கதையை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். "பலே, நல்லாக் கேட்ட" என்று எல்லாரும் என்னைத்தான் மெச்சுகிறார்கள். அந்த நிலத்துக்காரர் மேல் எனக்கு இருக்கிற கோபம் இன்றைக்கும் குறையவில்லை. ஆனால் அவரைத் திட்ட வாயெடுக்கும்போதெல்லாம், தன் பிள்ளைக்காக ஊர் கேட்கக் கத்திவிட்டு, குடம் ரொம்பியதும் அந்த மனுஷருக்காக ஒரு வார்த்தை பேசாமல் வண்டி ஏறிய பொம்பளைதான் முதலில் என் கண்முன் வந்து நிற்கிறாள்.