ரோண்டா எழுதிய கணக்குத் தேர்வு

ரோண்டா ஸ்டாம்பரும் நானும் பல வருடங்களாக ஒரே சமையலறையில் வேலை பார்த்தோம். கிழக்கு கென்டக்கி மலைகளுக்கு நடுவே இருக்கும் எங்கள் ஊரின் முதியோர் இல்லத்துச் சமையலறை அது. காலையில் அவள் பிஸ்கட் ரொட்டிக்கு மாவு பிசைவாள், நான் கிரேவி கிண்டுவேன். பேச்சு நிற்காமல் ஓடும். என்னிடம் சொல்லாமல் அவள் வைத்துக்கொண்ட விஷயம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. அதனால்தான் அந்த மார்ச் மாதத்து வெள்ளிக்கிழமை காலையில் நானும் அவளுடன் இருந்தேன்.

ரோண்டா பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். அவளுக்கு அப்போது பதினாறு வயது, வயிற்றில் பிள்ளை. அந்தப் பிள்ளைக்குத் தகப்பன் லோனி, மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரன், அவளைவிட மூன்று வயது மூத்தவன். கல்யாணம் ஆன பிறகு கவுண்டியின், அதாவது எங்கள் மாவட்டத்தின், சாலைத் துறையில் சேர்ந்தான். வெயில் காலத்தில் குழி அடைப்பான், குளிர்காலத்தில் பனி தள்ளும் லாரி ஓட்டுவான். நல்ல உழைப்பாளி, குடி கிடையாது, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு முதல் ஆளாய்ப் போவான். ஒரே ஒரு பெருமைதான் அவனுக்கு. தான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவன் என்பது.

அந்தப் பெருமையை அவன் சும்மா வைத்திருக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் கோடி என்ற அவர்கள் மகன் வீட்டுப்பாடத்தில் ஏதாவது சந்தேகம் கேட்டால், "அதெல்லாம் அம்மாகிட்ட கேக்காதடா, அவ பத்தாவதோட மூட்டையக் கட்டினவ" என்பான். விருந்தாளிகள் சிரிப்பார்கள். உருளைக்கிழங்குக் கிண்ணத்தைக் கை மாற்றியபடி ரோண்டாவும் சிரிப்பாள். மகனின் மதிப்பெண் அட்டையில் அவளைக் கையெழுத்துப் போட விடமாட்டான். படித்தவன் போடட்டும் என்பான்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் பக்கம் பள்ளி முடிக்கிற வருடம் பிள்ளைகள் கல் வைத்த மோதிரம் வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். லோனியின் மோதிரம் மீன் பிடிக்கும்போது ஓடையில் விழுந்துவிட்டதாம். கல்யாணமான முதல் வருடம், அவன் பிறந்தநாளுக்குத் தேடிக் கொடுக்கலாம் என்று ரோண்டா காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு ஓடையில் இறங்கி, மாவு சலிக்கிற சல்லடையால் பகல் முழுவதும் சரளைக் கல்லைச் சலித்தாள். மோதிரம் கிடைக்கவில்லை, காய்ச்சல்தான் வந்தது. லோனி அவளுக்குச் சூப் வைத்துக் கொடுத்தானாம். அதை அவள் பல தடவை பாசமாகச் சொல்லியிருக்கிறாள்.

போன வருடம் இல்லத்தின் தலைமைச் செவிலி அவளைக் கூப்பிட்டு, பள்ளிப் படிப்புக்குச் சமமான சான்றிதழ் ஒன்று இருந்தால் செவிலியர் பயிற்சிக்கு இல்லமே செலவு செய்யும் என்றார். பள்ளியைப் பாதியில் விட்டவர்களுக்கென்று இருக்கிற தேர்வுகள் அவை. படிப்பது, எழுதுவது, அறிவியல், சமூகம் எல்லாவற்றிலும் ரோண்டா ஒவ்வொன்றாகத் தேறிவிட்டாள். கணக்கு மட்டும் மிச்சம். கணக்கைத் தொட அவளுக்குப் பயம்.

அரசு இலவசமாக நடத்துகிற ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தாள். பாடம் தொடங்குவதற்கு முன் அதில் ஒரு சோதனை வைத்து நம் நிலை என்ன என்று சொல்வார்கள். அவள் மாவுக் கையோடு ஃபோனை என் முன்னால் நீட்டினாள். நான்காம் வகுப்பு என்று போட்டிருந்தது.

"கோடியோட பொண்ணு நாலாவதுதான் படிக்கிறா, டீனா" என்றாள். "நானும் என் பேத்தியும் ஒரே கிளாஸ்."

சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. அப்படியே மளிகை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆனால் விடவில்லை. மதிய இடைவேளையில் அதே மளிகை அறையில், பீச் பழ டப்பாக்கள் மேல் ஃபோனைச் சாய்த்து வைத்துப் பாடம் பார்ப்பாள். திரையில் மஞ்சள் ஸ்வெட்டர் போட்ட ஒரு டீச்சர் வருவாள். கணக்கைப் போடுவதற்கு முன்னால், "முதல்ல மூச்சு விடுங்க, அப்புறம் கணக்கப் பாருங்க" என்பது அவள் வழக்கம். பின்னம், தசமம், சதவீதம், அதற்கப்புறம் எழுத்தைப் போட்டுக் கண்டுபிடிக்கிற கணக்குகள். வீட்டில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. லோனிக்குத் தெரிந்தால் அவன் அதை ஒரு மாதத்துக்கு வைத்துச் சிரிப்பான் என்று பயம். பாஸானதும் மேசைமேல் தூக்கிப் போட்டு அவன் வாயை அடைக்கவேண்டும் என்பது அவள் திட்டம்.

முதல் தடவை மயிரிழையில் தவறிப்போனது. இரண்டு நாள் வெங்காயமாக நறுக்கித் தள்ளினாள். மறுபடியும் டப்பாக்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள்.

அந்தக் குளிர்காலத்தில்தான் லோனியின் நடத்தை மாறியது. வேலை முடிந்து வந்தும் வீட்டுக்குள் வராமல் முற்றத்தில் தன் பிக்கப் லாரியிலேயே உட்கார்ந்திருந்தான். ரோண்டா லாரிக் கண்ணாடிப் பக்கம் போனால் ஃபோனைக் கவிழ்த்து வைத்தான். அதிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டதாக அவள் என்னிடம் சொன்னாள். ஐம்பது வயதுக்கு மேல் இவனுக்கு என்ன கேடு என்று நான் திட்டினேன். பரீட்சை முடியட்டும், அப்புறம் கேட்டுக்கொள்கிறேன் என்றாள் அவள்.

தேர்வு மையம் பக்கத்து ஊர்க் கல்லூரியில் இருந்தது. மூன்று கவுண்டிக்கு அது ஒன்றுதான், கணக்குத் தேர்வு மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமைதான். முந்தின நாள் லோனி தானாகவே சொல்லியிருக்கிறான், காலையில் மலைக்கு மேலே ஒரு மதகு அடைத்துக்கிடக்கிறது, சீக்கிரமே கிளம்பவேண்டும் என்று. ரோண்டாவுக்கு அது வசதியாகப் போயிற்று. தனியாகப் போக நடுக்கமாக இருக்கிறது என்றதால் நான் லீவு போட்டு அவளை என் காரில் கூட்டிக்கொண்டு போனேன்.

காத்திருப்பறைக் கதவைத் திறந்தோம். ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் பிள்ளை வயசு. மூலையில், சாலைத் துறையின் ஆரஞ்சு ஜாக்கெட்டோடு, தண்ணீர் தொட்டுத் தலை வாரி, ஓட்டுநர் உரிமத்தைக் கையில் பிடித்துக்கொண்டு லோனி உட்கார்ந்திருந்தான்.

ரோண்டா என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. அவன் தன்னைப் பின்தொடர்ந்து வந்துவிட்டான், எல்லார் முன்னாலும் கேலி செய்யப்போகிறான் என்றுதான் அவள் முதலில் நினைத்தாளாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அவன் எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் மறுபடி உட்கார்ந்தான்.

மேசையில் இருந்த பெண் பெயர் வாசிக்க ஆரம்பித்தாள். "லோனி ஸ்டாம்பர், கணக்கு" என்றாள். அடுத்த வரியிலேயே, "ரோண்டா ஸ்டாம்பர், கணக்கு." நிமிர்ந்து இருவரையும் பார்த்து, "ஒரே குடும்பமா நீங்க?" என்று கேட்டாள்.

"இனிமேதான் விசாரிக்கணும்" என்றாள் ரோண்டா.

அவள் அவன் முன்னால் போய் நின்றாள். குரலை உயர்த்தவே இல்லை. "நீ எதுக்குப் பரீட்சை எழுதற? நீதான் முடிச்சவனாச்சே."

லோனி உரிமத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "முடிக்கல, ரோண்டா."

"எந்தப் பரீட்சைய முடிக்கல?"

"எதையும்தான். பதினொண்ணாவதுல கணக்குல ரெண்டு தடவ ஃபெயில். அதோட வெளிய வந்துட்டேன்."

ரோண்டா கேட்டாள். "அப்ப அந்த மோதிரம்?"

அவன் உரிமத்தை மடியில் கவிழ்த்து வைத்தான்.

"லோனி, நான் ஓடைல எதத் தேடினேன்?"

பக்கத்தில் இருந்த ஒரு பையன் எழுந்து வேறு நாற்காலிக்குப் போனான். மேசைப் பெண் ஃபோன், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் பெட்டியில் வைத்துப் பூட்டச் சொன்னாள், உள்ளே போனதும் ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது என்றாள். ரோண்டா கம்மலைக்கூடக் கழற்றி வைத்தாள். வைக்கவேண்டியதில்லை என்று அந்தப் பெண் சொன்னதுகூடக் காதில் விழவில்லை. இருவரும் முன்னும் பின்னுமாக உள்ளே போனார்கள். கதவு மூடிக்கொண்டது.

நான் வெளியே உட்கார்ந்து யோசித்தேன். இந்த ஆள் கோடிக்கு ஒரு கணக்குகூடச் சொல்லிக்கொடுத்து நான் பார்த்ததில்லை. டீச்சர் எதற்குச் சம்பளம் வாங்குகிறாள் என்று கேட்டு நழுவிவிடுவான். அதைத் திமிர் என்றே நாங்கள் எல்லாரும் எடுத்துக்கொண்டோம்.

அவன்தான் முதலில் வெளியே வந்தான். எனக்கு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தான். நான் கேட்காமலேயே சொன்னான். பெண் கேட்டுப் போனபோது ரோண்டாவின் அப்பா ஒன்றுதான் கேட்டாராம், படிப்பை முடித்தாயா என்று. ஆமாம் என்று சொல்லிவிட்டான். பயத்தில் வந்த ஒரு சொல். அதற்கப்புறம் அதை ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்க வேண்டியிருந்தது. இப்போது மேற்பார்வையாளர் வேலை காலியாகி, அவனையே தற்காலிகமாகப் போட்டிருக்கிறார்கள். சான்றிதழின் நகலைக் கேட்டிருக்கிறார்கள்.

"அவள ஏன்டா அந்தப் பாடு படுத்தின?" என்று கேட்டேன்.

"அவள எல்லாரும் பாத்துச் சிரிச்சா என்னை யாரும் பாக்கமாட்டாங்கல்ல" என்றான்.

எனக்கு அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ரோண்டா வெளியே வந்து, பெட்டியைத் திறந்து, கம்மலைப் போட்டுக்கொண்டு, அவனைத் தாண்டி நேராகக் காருக்குப் போனாள். சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். பிறகு, "எனக்குக் கோவம் வரணும்ல, டீனா? வரமாட்டேங்குது. கன்னத்துல அறஞ்சு மரத்துப்போன மாதிரி இருக்கு" என்றாள். பரீட்சையைப் பற்றிக் கேட்டேன். முதல் கேள்வியில் எழுத்தே தெரியவில்லையாம். அந்த மஞ்சள் ஸ்வெட்டர்க்காரி சொன்னபடி மூச்சு விட்டாளாம், அதற்கப்புறம் கை தானாகப் போட்டதாம். தலைக்குள் வேறு எதையும் விட முடியாததால் கணக்கு மட்டும் உள்ளே இருந்தது என்றாள்.

அன்று சாயங்காலமே முடிவு வந்துவிட்டது. அவள் நன்றாகவே தேறியிருந்தாள். லோனி தோற்றுப்போனான், கொஞ்சநஞ்சம் இல்லை, வெகுதூரம் பின்தங்கி. மேசைமேல் தூக்கிப் போடவேண்டும் என்று நினைத்திருந்தவள் ஃபோனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு, மகனின் பழைய அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள். கோபம் மூன்றாவது நாள்தான் வந்தது. சோளரொட்டி சுடுகிற இரும்புச் சட்டியை அவள் சுவரில் எறிந்ததில் ஏற்பட்ட பள்ளத்தை நானே பார்த்திருக்கிறேன்.

லோனி ஒரு காரியம் செய்தான். கவுண்டி அலுவலகத்துக்குப் போய்த் தன்னிடம் சான்றிதழ் இல்லை, எப்போதும் இருந்ததில்லை என்று சொல்லிவிட்டான். தற்காலிகப் பதவி போயிற்று, திரும்பவும் லாரிக்கு அனுப்பினார்கள். சனிக்கிழமை சர்ச்சில் ஆண்கள் சேர்ந்து காலை உணவு சாப்பிடுவார்கள். அங்கே எழுந்து நின்று அதையே சொன்னானாம். பன்றித் தொத்திறைச்சி தட்டில் ஆறிப்போக, எல்லாரும் வாயடைத்து உட்கார்ந்திருந்தார்கள் என்று என் வீட்டுக்காரர் வந்து சொன்னார். ஊர் ஒரு வாரத்தில் வாயைத் திறந்தது. பெட்ரோல் பங்கில் அவன் இறங்கினாலே, "வழி விடுங்கப்பா, பட்டம் வாங்கினவர் வர்றாரு" என்பார்கள். ரோண்டா ஒருநாள் அதைக் காதால் கேட்டாள். அவனுக்காகப் பரிந்து பேசவில்லை. பாலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஏப்ரல் கடைசியில் ஒருநாள் ரோண்டா வேலை முடிந்து வீட்டுக்குப் போனபோது அவன் லாரியில் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்தத் தடவை கவிழ்க்கவில்லை. கண்ணாடி இறங்கியிருந்தது. மூச்சு விடுங்க, அப்புறம் கணக்கப் பாருங்க என்று அதே குரல். தன் ஃபோனில் இருந்த அதே டீச்சர்தான் அவன் லாரியிலும் இருந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. நடு முற்றத்தில் நின்றுவிட்டாளாம். கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்தில் போய்த் திரையைப் பார்த்தாள்.

"இது உனக்கு இப்ப வேணாம்" என்றாள். "உனக்குப் பின்னமே வரல. முதல்லேருந்து பாரு."

அவ்வளவுதான் சொன்னாளாம். வீட்டுக்குள் போய்விட்டாள். ஆனால் அன்று, மார்ச்சுக்குப் பிறகு முதல்முறையாக, இரண்டு தட்டு எடுத்து வைத்தாள்.

ஜூனில் அவன் மறுபடியும் எழுதி மறுபடியும் தோற்றான். அவள் சொல்லிக்கொடுக்கவில்லை, கேலியும் செய்யவில்லை. செவிலியர் பயிற்சிக்குப் போக ஆரம்பித்திருந்தாள், சமையலறையை விட்டு வார்டுக்கு மாறிவிட்டாள். மன்னித்துவிட்டாயா என்று ஒருநாள் கேட்டேன். "அந்த வார்த்தையெல்லாம் என்கிட்ட இப்ப இல்ல" என்றாள். மகனின் அறையிலிருந்து எப்போது திரும்பிப் போனாள் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

டிசம்பரில் முதல் பெரும்பனி விழுந்த அன்று, சமையலறைப் பின்கதவுக்கு வெளியே பனி தள்ளும் லாரி வந்து நின்றது. லோனி இறங்கி வந்து, காலில் ஒட்டிய பனியைத் தட்டினான். உள்ளே வரவில்லை.

"கணக்குல பாஸ் மார்க் எவ்வளவோ அதேதான் எடுத்திருக்கேன்" என்றான் என்னிடம். "ஒண்ணு கூடவுமில்ல, ஒண்ணு கொறயவுமில்ல. அவ இருக்காளா?"

நான் வார்டுக்குப் போய்ச் சொன்னேன். ரோண்டா ஒரு கிழவிக்கு ஓட்ஸ் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். கரண்டி ஒரு கணம் அந்தரத்தில் நின்றது.

"இத முடிச்சிட்டு வர்றேன்னு சொல்லு" என்றாள்.

அவன் எஞ்சினை ஓடவிட்டபடி காத்திருந்தான். அவள் கிண்ணம் காலியாகும்வரை ஊட்டினாள். கிழவியின் வாயைத் துடைத்துவிட்டு, கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனாள். இருவரும் லாரியின் முன் விளக்குக்குப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்ததை நான் ஜன்னல் வழியே பார்த்தேன். எஞ்சின் சத்தத்தில் ஒரு வார்த்தைகூட எனக்குக் கேட்கவில்லை.